கற்பிக்கும் தாய்க்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கற்பிக்கும் கத்தோலிக்கக் குடும்பங்களுள் ஒரு பகுதியினர், 1980-களிலிருந்து ஒரு பழைய பாடநெறிக்குத் திரும்பியிருக்கிறார்கள். இலத்தீன் இலக்கணம், தருக்கம், சொல்வன்மை, பழம்பெரும் நூல்கள், மறைக்கல்வி என்பது அதன் கட்டமைப்பு. இவர்களுக்குப் பாடத்திட்டம் தரும் நிறுவனங்கள் சில, குடும்பத்துக்கு ஓர் ஆலோசகரையும் ஒதுக்குகின்றன. தம் பிள்ளைகளை வீட்டிலேயே படிக்கவைத்து ஆளாக்கிய தாய்மார்களே பெரும்பாலும் இந்தப் பணிக்கு வருகிறார்கள். அவர்களுடைய பேச்சு முக்கியமாகத் தாயோடுதான். கணக்கில் முந்தி எழுத்தில் பின்தங்கும் மகனுக்கு எந்தப் பாடத்தைக் குறைப்பது, கைக்குழந்தை பிறந்த ஆண்டில் எதைத் தள்ளிப்போடுவது, இலத்தீனை எந்த வயதில் தொடங்குவது என்பவை தொலைபேசியில் பேசித் தீர்க்கப்படுகின்றன. இதைச் சந்தை கண்டுபிடித்த புதுச் சேவையாகப் பார்ப்பது வழக்கம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கற்பிப்பவரைத் தனியே விடக்கூடாது என்பது கத்தோலிக்கக் கல்வி மரபின் மிகப் பழைய வழக்கம். கன்னியர் மடங்களின் ஆள்பலம் சுருங்கியபோது அறுந்த அந்த வழக்கம்தான் இங்கே வேறு உருவில் மீண்டிருக்கிறது.

இயேசு சபையின் முதல் பெரிய கல்லூரி சிசிலியின் மெசினா நகரில் 1548-இல் திறக்கப்பட்டது. அரை நூற்றாண்டு அனுபவத்தைத் தொகுத்து, சபைத் தலைவர் குளோடியோ அக்வாவீவா காலத்தில், 1599-இல் ‘ராசியோ ஸ்டுடியோரம்’ என்ற கல்வி விதித்தொகுப்பு வெளிவந்தது. எந்த வகுப்பில் சிசரோவின் எந்த நூல் என்று அது சொல்வதைப் பலரும் குறிப்பிடுகிறார்கள். ஆசிரியருக்காக அது செய்துவைத்த ஏற்பாடு அவ்வளவாகக் கவனிக்கப்படவில்லை. கற்பிக்கப் போகும் இளந்துறவிகள், அனுபவம் மிக்க ஒருவரிடம் வாரம் மூன்று முறை ஒரு மணி நேரம் பழக வேண்டும். பாடத்தை முன்விளக்குவது, எழுத்தைத் திருத்துவது, வாசிப்பது எல்லாவற்றையும் அவர் முன்னிலையில் செய்து பார்க்க வேண்டும். வேலைக்கு வந்த பிறகும் விட்டுவிடுவதில்லை. கல்விக் கண்காணிப்பாளர் பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது ஒவ்வோர் ஆசிரியரின் வகுப்பிலும் உட்கார்ந்து கேட்பார். அவர் ஆசிரியரின் இடத்தைப் பிடித்துக்கொள்வதில்லை. கற்பிப்பவர் ஆசிரியராகவே இருந்தார். இயேசு சபைத் துறவியான நம் வீரமாமுனிவர் இத்தாலியில் உருவானதும் இந்த ஒழுங்கில்தான்.

அமெரிக்கப் பங்குப் பள்ளிகளின் வரலாறும் இதையே காட்டுகிறது. 1884-இல் பால்டிமோரில் கூடிய ஆயர்களின் மூன்றாவது பொதுச் சங்கம், ஒவ்வொரு பங்கும் (கோவில் வட்டாரமும்) இரண்டு ஆண்டுகளுக்குள் பள்ளி தொடங்க வேண்டும் என்று ஆணையிட்டது. அவ்வளவு பெரிய கட்டமைப்பைத் தாங்கியவர்கள் கன்னியர்கள். அவர்களுள் பலர் பட்டம் பெறும் முன்பே வகுப்பறைக்கு அனுப்பப்பட்டார்கள். கோடை விடுமுறைதோறும் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்து ஒரு பட்டத்தை முடிக்க இருபது ஆண்டு ஆனவர்கள் உண்டு. அந்த நிலையை மாற்றத்தான் 1954-இல் கன்னியர் பயிற்சிக்கென்று ஒரு தேசிய அமைப்பே உருவானது. பத்தொன்பது இருபது வயதில், ஐம்பது அறுபது பிள்ளைகள் நிறைந்த வகுப்பின் முன் நின்ற அந்த இளம் சகோதரி எப்படித் தாக்குப்பிடித்தார்? மாலையில் மடத்துக்குத் திரும்பினால் முப்பது ஆண்டு கற்பித்த மூத்த சகோதரிகள் அதே உணவு மேசையில் இருந்தார்கள். சபையின் பள்ளி மேற்பார்வையாளர்கள் வகுப்புகளுக்கு வந்து பார்த்தார்கள். அந்தப் பள்ளிகளின் தரத்தைக் கட்டிக்காத்ததில் பாடநூலுக்கும் கண்டிப்புக்கும் உள்ள பங்கைவிட இந்த அன்றாட வழிகாட்டலின் பங்கு பெரிது என்றே நான் கருதுகிறேன். அதை யாரும் பாடத்திட்டத்தில் எழுதிவைக்காததால், அது போனபோது என்ன போனது என்று பலருக்கும் தெரியவில்லை.

1965 வாக்கில் நாட்டில் சுமார் 1,80,000 கன்னியர்கள் இருந்தார்கள். கத்தோலிக்கப் பள்ளிகளில் ஐம்பது லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் படித்தார்கள். அடுத்த கால் நூற்றாண்டில் பிள்ளைகளின் எண்ணிக்கை ஏறத்தாழப் பாதியானது. கன்னியர்கள் குறைந்து, அவர்கள் இடத்துக்குச் சம்பளம் பெறும் பொதுநிலை ஆசிரியர்கள் வர, கட்டணம் உயர்ந்தது. பல பங்குகள் பள்ளியை மூடின. பெற்றோர் முன் மூன்று வழிகள் இருந்தன: எட்டாத கட்டணம், அரசுப் பள்ளி, அல்லது சொந்த வீட்டு மேசை. மூன்றாவது வழிக்கான உரிமைக்கு ஏற்கெனவே அடித்தளம் இடப்பட்டிருந்தது. எல்லாப் பிள்ளைகளும் அரசுப் பள்ளிக்கே போக வேண்டும் என்று கத்தோலிக்க எதிர்ப்பு அமைப்பான கூ கிளக்ஸ் கிளானின் ஆதரவோடு ஓரிகன் மாநிலம் 1922-இல் இயற்றிய சட்டத்தை எதிர்த்து வழக்காடியவர்களுள் ஒரு கன்னியர் சபையும் இருந்தது. 1925-இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாததாக்கியது. திருத்தந்தை பதினோராம் பயஸ் 1929-இல் வெளியிட்ட கல்வி பற்றிய சுற்றுமடல் அந்தத் தீர்ப்பை எடுத்துக்காட்டியது. பிள்ளைகளின் முதன்மை ஆசிரியர்கள் பெற்றோரே என்று 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கமும் அறிவித்தது. ஆக, உரிமைக்கு அடித்தளம் இருந்தது. ஆனால் அந்த உரிமையைச் செயல்படுத்த எந்தத் தாய்க்கும் மடத்து உணவு மேசை இல்லை.

முதலில் அந்த இடைவெளியை நிரப்பியது அஞ்சல். இங்கிலாந்தில் கல்வியாளர் சார்லட் மேசன் 1890-களிலேயே பருவந்தோறும் பாடத்திட்டத்தை வீடுகளுக்கு அனுப்பி, விடைத்தாள்களை ஆம்பிள்சைடில் வாங்கித் திருத்தச் செய்தார். பால்டிமோரின் கால்வர்ட் பள்ளி 1906-இல் வீட்டுப்பாட வகுப்பைத் தொடங்கியது. இந்த இரண்டும் கத்தோலிக்கம் சாராதவை. 1980-களில் வர்ஜீனியாவின் சீட்டன், கலிபோர்னியாவின் கோல்பி போன்ற கத்தோலிக்க நிறுவனங்கள் இந்தத் துறைக்கு வந்தன. தேர்வுத்தாளை எங்கோ ஒருவர் திருத்தி மதிப்பெண் இட்டு அனுப்புவது பிள்ளையின் நிலையைச் சொல்லும். நாளைக்குக் காலையில் என்ன செய்வது என்று தாய்க்குச் சொல்லாது. பழைய பாடநெறி வந்ததும் இந்தக் குறை பெரிதானது. ஆங்கில எழுத்தாளர் டோரதி சேயர்ஸ் 1947-இல் ஆக்ஸ்போர்டில் ஆற்றிய உரையில், மனனம் இனிக்கும் வயது, வாதம் இனிக்கும் வயது, சொல்லழகு இனிக்கும் வயது என்று மூன்று படிகளைக் கண்டு, இலக்கணம், தருக்கம், சொல்வன்மை என்ற இடைக்கால முக்கலைகளை அவற்றோடு பொருத்தினார். படிகள் தெளிவு, எந்தப் பிள்ளை எந்த மாதம் எந்தப் படியில் நிற்கிறது என்பதுதான் சிக்கல். ஒரே வீட்டில் மூன்று பிள்ளைகள் மூன்று படியில் நிற்கலாம். போதாக்குறைக்கு, தாயே இலத்தீன் படித்தவரில்லை. தாமஸ் அக்வினாஸ் கல்லூரியின் பழைய மாணவி லாரா பெர்க்விஸ்ட், 1990-களின் நடுவில் இத்தகைய குடும்பங்களுக்காக ஒரு கையேடு எழுதினார்; 1995-இல் ‘மதர் ஆஃப் டிவைன் கிரேஸ்’ என்ற தொலைநிலைப் பள்ளியையும் தொடங்கினார். அங்கே ஆலோசகர் என்பவர் பாடத்திட்டத்தின் இன்றியமையாத பகுதியானார். பாடத்திட்டத்தைக் குடும்பத்துக்கேற்பத் தைத்துக்கொடுப்பது அவர் வேலை.

இதற்கு எதிரான வாதங்களை எளிதாக ஒதுக்க முடியாது. முதலாவது, பெற்றோரே முதன்மை ஆசிரியர் என்றால் வெளியாள் எதற்கு, இது பள்ளியைப் பின்வாசல் வழியாக அழைப்பதாகாதா என்பது. பதினோராம் பயஸே இதற்கு விடை தந்திருக்கிறார். 1931-இல் அவர் எழுதிய சமூகச் சுற்றுமடலின் கோட்பாடு இது: சிறிய அமைப்பு தானே செய்யக்கூடியதைப் பெரிய அமைப்பு பறித்துக்கொள்ளக் கூடாது, துணைநிற்கவே வேண்டும். நல்ல ஆலோசகர் சொல்வதை ஒரு தாய் மறுக்கலாம்; மறுத்தபின்பும் அடுத்த அழைப்பில் அவர் அதே அக்கறையோடு பேசுவார். மறுக்க முடியாத ஆலோசனை எங்கே வருகிறதோ அங்கே இந்த வாதம் உண்மையாகிவிடும். இரண்டாவது, திருச்சபையே பள்ளிக்கு அனுப்பச் சொன்னது, வீட்டில் வைத்துக்கொள்வது கீழ்ப்படியாமை என்பது. ஆனால் 1884 ஆணையை முழுதாகப் படித்தால், வீட்டிலேயே போதிய கிறித்தவக் கல்வி தருகிற பெற்றோருக்கு அதில் விலக்கு இருக்கிறது. அந்தக் கல்வி போதியதாகவும் வெளிப்படையாகவும் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. தனித்து உழலும் ஒரு தாய் அதை நிறைவேற்றுவது கடினம். அனுபவமுள்ள ஒருவர் ஆண்டு முழுதும் உடன் வந்தால் நிறைவேற்றலாம்.

மூன்றாவது வாதம் எல்லாவற்றிலும் கனமானது. வீட்டுக்குள் இருக்கும் பிள்ளையை வெளியுலகம் பார்ப்பதில்லை. புறக்கணிப்பும் கொடுமையும் மறைந்துபோகலாம். இதைக் கண்காணிப்பதில் மாநிலங்கள் வேறுபடுகின்றன. நியூயார்க் 1988-இல் கொண்டுவந்த விதிப்படி ஆண்டுத் திட்டமும் காலாண்டு அறிக்கைகளும் தர வேண்டும். அதே ஆண்டின் பென்சில்வேனியச் சட்டப்படி, தகுதியுள்ள மதிப்பீட்டாளர் பிள்ளையை நேரில் கண்டு பேசி, செய்த வேலைகளையும் பார்க்க வேண்டும். டெக்சாஸில் அறிவிப்புகூடத் தேவையில்லை. ஆலோசகர் இருக்கிறார், எனவே சட்டம் வேண்டாம் என்று வாதிடுவோர் ஆலோசகரின் பணியையே தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். தாய் சொல்வதைத்தான் அவர் கேட்கிறார். தாய் மறைப்பது அவருக்குத் தெரியாது. நம்பிக்கையால் இயங்கும் உறவைக் காவல் வேலைக்குப் பயன்படுத்தினால் இரண்டும் கெடும். அந்தக் காவலைப் பென்சில்வேனியாவைப்போல் சட்டமே ஏற்க வேண்டும் என்பது என் கருத்து. கட்டணம் கட்ட இயலாத, ஒற்றைச் சம்பளத்தில் வாழ முடியாத குடும்பங்களுக்கு இந்த வழி எட்டுவதில்லை என்பதும் உண்மை. கன்னியர் மடங்கள் ஏழைகளுக்கும் எட்டின. அந்த இழப்பை எந்த ஆலோசகரும் ஈடுசெய்யவில்லை.

பள்ளி வயதுப் பிள்ளைகள் உள்ள அமெரிக்கக் குடும்பங்களுள் 2020-இன் வசந்தத்தில் வீட்டுக்கல்வி நடத்தியவை 5.4 விழுக்காடு; அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் 11.1 விழுக்காடு என்று மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலகம் கண்டது. அதற்குப் பிறகு இணையவழி நேரடி வகுப்புகள் பெருகின. திரையில் தோன்றும் ஆசிரியர் இலத்தீனையும் வேதியியலையும் பல தாய்மார்களைவிட நன்றாகவே கற்பிக்கிறார். மேல்வகுப்புகளுக்கு அது தேவையும்கூட. ஆனால் ஆறு வயதில் தொடங்கி எல்லாப் பாடமும் திரைக்குப் போனால், தாய் மீண்டும் மதிப்பெண் அட்டையில் கையெழுத்திடுபவராகிவிடுவார். நிறுவனங்களுக்கு ஓர் ஆசிரியர் நாற்பது பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பது எளிது; ஓர் ஆலோசகர் நாற்பது தாய்மார்களின் வீட்டு நிலைமையை நினைவில் வைத்திருப்பது கடினம். அந்தக் கடினமான வேலைக்குத்தான் அவர்கள் பணத்தையும் ஆட்களையும் ஒதுக்க வேண்டும். தம் கடைசிப் பிள்ளையையும் கல்லூரிக்கு அனுப்பிவிட்ட தாய்மார்களை இப்போதே தேடிச் சேர்க்க வேண்டும்.