உன்ஸ்புன்னன் கல்லும் மணிலாவின் கூடையும்

அறிவிப்பில் தலைப்பைப் பார்த்த ஒரு நண்பர், "இலக்கியக் கூட்டத்தில் கூடைப்பந்தாட்டத்துக்கு என்ன வேலை?" என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். நான் பேராசிரியர் இல்லை. தாதியர் டிப்ளோமா படித்து, சுவிற்சர்லாந்தின் இன்டர்லாக்கனில் முதியவர்களைப் பராமரிக்கிற ஒருத்தி. என்னோடு வேலை செய்கிறவர்களில் பிலிப்பைன்ஸ்காரர்களும் உண்டு. அவர்கள் எதை விட்டாலும் கூடைப்பந்தாட்டத்தை விடமாட்டார்கள். அது ஏன் என்று வாசிக்கத் தொடங்கினேன். வாசித்தது கடைசியில் எங்களுடைய சனத்தின் ஒரு பழைய வழக்கில் கொண்டுவந்து விட்டது. அதனால்தான் இந்த மேடையில் பேசுகிறேன்.

முதலில் பந்து. 1891ஆம் ஆண்டு, அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில், கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் குளிர்காலத்தில் உள்ளே வைத்து விளையாட ஒரு விளையாட்டை உருவாக்கினார். சுவரில் பீச் பழக்கூடையைக் கட்டினார்கள், அதனால் கூடைப்பந்து. நாங்கள் வை.எம்.சி.ஏ என்று சொல்கிற அந்தச் சங்கம் போன இடமெல்லாம் பந்தும் போயிற்று. 1898இல் ஸ்பெயினிடமிருந்து 2 கோடி டொலருக்குப் பிலிப்பைன்ஸை வாங்கிய அமெரிக்கா, தன் பள்ளிக்கூடங்களையும் அங்கே கொண்டுபோனது. 1910ஆம் ஆண்டளவில் அந்தப் பள்ளிகளில் கூடைப்பந்து நுழைந்தபோது, அதை முதலில் விளையாடியவர்கள் பெண்பிள்ளைகள். மணிலா வை.எம்.சி.ஏயின் எல்வுட் பிரவுன் முன்னின்று 1913இல் தூரகிழக்கு விளையாட்டுப் போட்டிகளை மணிலாவில் நடத்தினார். கூடைப்பந்தில் பிலிப்பைன்ஸ் வென்றது. 1934 வரை நடந்த அந்தப் போட்டிகளில் ஒரேயொரு தடவை, 1921இல், சீனாவிடம் அந்த இடத்தை விட்டார்கள்.

இதே சங்கம் எங்கள் பக்கமும் வந்ததுதானே. ஹரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1920இல் சென்னையில் தொடங்கிய வை.எம்.சி.ஏ உடற்கல்விக் கல்லூரி இன்றைக்கும் நந்தனத்தில் இருக்கிறது. ஒரே சங்கம், ஒரே பந்து. ஆனால் எங்களிடத்தில் அது பள்ளிக்கூட மைதானத்துக்கு வெளியே அதிகம் வரவில்லை. மணிலாவில் ஒழுங்கைக்குள் போய்விட்டது. ஏன்? எனக்குப் படுவது இதுதான். கிரிக்கெட்டுக்குப் புல்வெளியும் நாள் கணக்கில் நேரமும் வேண்டும். கூடைக்கு ஒரு மரம், ஒரு இரும்பு வளையம் போதும். தேவாலயத்துக்கு முன்னால் இருக்கிற திடலிலோ, மீன் காயப்போடுகிற நிலத்திலோ, ரப்பர் செருப்போடு விளையாடலாம். ஏழை நாட்டுக்குப் பொருந்திய விளையாட்டு.

ஒரு தாதியாக இன்னொன்றையும் கவனித்தேன். பந்தைக் கொண்டுவந்த அதே அமெரிக்கர்கள்தான் தாதியர் பள்ளிகளையும் கொண்டுவந்தார்கள். இலோயிலோ நகரில் மிஷன் மருத்துவமனை 1906இல் ஒன்றைத் தொடங்கியது. ஆங்கிலத்தில், அமெரிக்கப் பாடத்திட்டத்தில் படித்த அந்தப் பிள்ளைகளின் வழிவந்தவர்கள்தான் இன்றைக்கு உலகத்தின் எல்லா மருத்துவமனைகளிலும் நிற்கிறார்கள். ஆண்டவன் கொடுத்த இரண்டு பொருள்கள், ஒன்று தொழில், ஒன்று விளையாட்டு. நான் சொல்கிற ஆண்டவன் வானத்தில் இருக்கிறவர் அல்ல, நாட்டை ஆண்டவன். தொழில் அவர்களை உலகமெங்கும் சிதறடித்தது. விளையாட்டு, சிதறியவர்களை வாரக்கடைசியில் ஓரிடத்தில் சேர்த்தது.

1936 பெர்லின் ஒலிம்பிக்கில் பிலிப்பைன்ஸ் ஐந்தாம் இடம். அமெரிக்காவிடம் மட்டும்தான் தோற்றார்கள். வெண்கலம் வாங்கிய மெக்சிகோவை ஏற்கனவே வென்றிருந்தார்கள். அப்போது அது சுதந்திர நாடு அல்ல என்பதைக் கவனியுங்கள். சுதந்திரம் 1946இல்தான் வந்தது. நாடு வருவதற்குப் பத்து வருடம் முன்பே நாட்டின் அணி வந்துவிட்டது. 1954இல் ரியோ டி ஜெனிரோவில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியில் கார்லோஸ் லொய்சாகாவின் அணி வெண்கலம் வென்றது. அதைவிட உயர்ந்த இடத்தை ஆசிய நாடு எதுவும் இன்றுவரை தொடவில்லை.

1975இல் பி.பி.ஏ என்ற தொழில்முறை லீக் தொடங்கியது, ஆசியாவிலேயே முதலாவது. இங்கே வேடிக்கை ஒன்று உண்டு. அணிகளுக்கு ஊர்ப் பெயர் கிடையாது, கம்பனிப் பெயர்தான். கிறிஸ்பா என்றால் துணிக் கம்பனி, டொயோட்டா என்றால் கார். இந்த இரண்டுக்கும் நடந்த போட்டியில் குடும்பங்களே இரண்டுபட்டன. பிறகு வந்த ஹினேப்ரா ஒரு ஜின் சாராயத்தின் பெயர். சாராயப் போத்தலின் பெயரைச் சொல்லி ஒரு சனம் அழுமா என்று கேட்கலாம். அழுகிறது. காரணம் ராபர்ட் ஜவோர்ஸ்கி. 1985இல், 39 வயதில், அணிக்கு வீரராகவும் பயிற்சியாளராகவும் இருந்த மனிதர், ஆட்டத்தின் நடுவில் எதிரணிக்காரரின் முழங்கை பட்டு உதடு கிழிந்து மருத்துவமனைக்குப் போனார். ஒன்பது தையல் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். தோற்றுக்கொண்டிருந்த அணி அதற்குப் பிறகு வென்றது. என் கையில் அகப்பட்டிருந்தால் அன்று கட்டிலை விட்டு இறங்க விட்டிருக்கமாட்டேன். ஆனால் சாகும்வரை விடாதே என்ற பேச்சு அந்த அணிக்கு அன்றைக்கு ஒட்டியது, இன்றைக்கும் உரியவில்லை. 1998இல் அவரை நாட்டின் செனட்டராகவே தெரிவு செய்தார்கள்.

அதற்குப் பிறகு தேசிய அணிக்கு நீண்ட வறட்சி. 2014இல் செனகலை வென்றது உலகக் கிண்ணத்தில் 40 ஆண்டுகளில் முதல் வெற்றி. ஆசிய விளையாட்டுத் தங்கம் 1962க்குப் பிறகு 2023 ஒக்டோபரில்தான் திரும்ப வந்தது. நடுவில் இருந்த அறுபது வருடமும் சனம் ஓடிப்போகவில்லை. வெற்றிதான் பெருமையைத் தருகிறது என்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். உயரமும் இல்லை, பரிசும் இல்லை, ஆனால் 2023 ஓகஸ்ட் 25ஆம் திகதி மணிலாவுக்குப் பக்கத்தில் உலகக் கிண்ணம் தொடங்கியபோது அரங்கில் 38,115 பேர். உலகக் கிண்ண வரலாற்றில் ஓர் ஆட்டத்துக்கு வந்த மிகப் பெரிய கூட்டம் அது. அன்றும் தோற்றார்கள்.

இரண்டு நாள் கழித்து ஞாயிற்றுக்கிழமை, ஓகஸ்ட் 27. எனக்கு வேலை. எங்கள் இல்லத்துப் பெரிய அறையில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. உன்ஸ்புன்னன் மல்யுத்தம், எங்கள் ஊரிலேயே நடக்கிறது, ஆறு வருடத்துக்கு ஒருமுறை. ஷ்விங்கன் என்கிற இந்த மல்யுத்தத்தில் மரத்தூள் வட்டத்துக்குள் சாக்குத்துணிக் காற்சட்டையைப் பிடித்து ஒருவரை ஒருவர் மல்லாத்துவார்கள். பேரப்பிள்ளையின் பெயர் மறந்துபோன ஒரு முதிய விவசாயி, பிடியின் பெயர்களைத் தவறாமல் சொல்லிக்கொண்டிருந்தார். பின்னால் ஊழியர் அறையில், காலை வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் எங்கள் ஆத்தே கைத்தொலைபேசிக்குள் தலையை விட்டபடி இருந்தார். ஆத்தே என்றால் அவர்கள் மொழியில் அக்கா. பிலிப்பைன்ஸ் - அங்கோலா. பத்துப் புள்ளிகளால் தோல்வி. "போச்சு," என்றார். கோட்டை மாட்டிக்கொண்டு போகும்போது, "செவ்வாய்க்கிழமை இத்தாலியோடு," என்றார். ஒரே கூரைக்குக் கீழே இரண்டு தேசங்கள் அன்றைக்கு விளையாடின. நான் இரண்டுக்கும் நடுவில் மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு நின்றேன்.

அந்த உன்ஸ்புன்னனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பார்க்கிறவர்களுக்கு அது மலைச்சனம் காலங்காலமாகத் தானாகக் கொண்டாடுகிற விழா என்று தோன்றும். அப்படியல்ல. 1798இல் நெப்போலியன் காலத்துக் குழப்பத்தில் பெர்னிய ஓபர்லாண்ட், அதாவது எங்கள் மலைப்பக்கம், பெர்னிலிருந்து பிரிந்து தனி மாநிலமானது. 1803இல் திரும்பவும் பெர்னோடு சேர்க்கப்பட்டது. மலைக்காரருக்குக் கோபம். அதைத் தணிக்கப் பெர்ன் நகரத்துப் பெரிய மனிதர்கள், ஃபொன் முலினென் என்ற ஆட்சித்தலைவரும் ஃபிரான்ஸ் நிக்லாஸ் கோனிக் என்ற ஓவியரும் சேர்ந்து, 1805 ஓகஸ்ட் 17ஆம் திகதி உன்ஸ்புன்னன் கோட்டை இடிபாட்டுக்குக் கீழே இடையர் விழா ஒன்றை வைத்தார்கள். மல்யுத்தம், கல்லெறிதல், நீள ஊதுகுழல். 1808இல் இரண்டாம் விழாவுக்கு எழுத்தாளர் மேடம் டி ஸ்டாலும் ஓவியர் விஜே லெப்ரனும் வந்தார்கள். லெப்ரன் அதை ஓவியமாகவும் தீட்டினார். சுற்றுலா அப்படித்தான் இங்கே காலூன்றியது. சமாதானம்? 1814இல் ஓபர்லாண்டில் மறுபடியும் கலகம், பெர்ன் படை அனுப்பி அடக்கியது. விழா மறைந்துபோய், நூறாண்டு நிறைவுக்காக 1905இல்தான் திரும்பி வந்தது. இன்று அதைத் தங்கள் உயிர் என்று சொல்கிற ஓபர்லாண்ட்காரர் பொய் சொல்லவில்லை. மேலிருந்து வைத்த விழா கீழே இறங்கி அவர்களுடையதாகிவிட்டது, அமெரிக்கர் கொடுத்த பந்தைப் போல.

அங்கே எறிகிற கல் 83.5 கிலோ. தலைக்கு மேலே தூக்கி ஓடிவந்து எறிய வேண்டும், 4 மீட்டர் போனாலே சாதனை. இதே பெர்ன் மாநிலத்தின் இன்னொரு மூலையில் பிரெஞ்சு பேசுகிற கத்தோலிக்கச் சனம், யூராக்காரர், தங்களுக்குத் தனி மாநிலம் கேட்டுப் போராடினார்கள். 1979இல் கிடைத்தது, ஆனால் தென்பகுதி பெர்னோடு நின்றுவிட்டது. கோபம் தீராத யூரா இளைஞர்கள் 1984இல் அருங்காட்சியகத்திலிருந்து உன்ஸ்புன்னன் கல்லைத் திருடினார்கள். 2001இல், ஐரோப்பிய ஒன்றியத்தின் நட்சத்திரங்களைச் செதுக்கித் திருப்பிக் கொடுத்தார்கள். 2005இல், விழாவுக்கு முன்னால், இன்டர்லாக்கனின் பெரிய ஹோட்டல் ஒன்றிலிருந்து அது மறுபடியும் களவு போயிற்று. இன்றுவரை கிடைக்கவில்லை. இப்போது எறிவது மாற்றுக் கல். நான் திருட்டுக்கு வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் ஒரு வங்கியையோ சிலையையோ தொடாமல் ஏன் விளையாட்டுக் கல்லைத் தூக்கினார்கள் என்பது எனக்கு விளங்குகிறது. இவர்களுடைய பெருமை எங்கே கிடக்கிறது என்று அந்தப் பொடியன்களுக்குத் தெரிந்திருந்தது.

இனி எங்கள் வழக்கு. 1996 மார்ச் 17, லாகூரில் இலங்கை கிரிக்கெட் உலகக் கிண்ணத்தை வென்றது. அணியில் ஒரு தமிழர், முரளிதரன். அதற்கு ஐந்து மாதத்துக்கு முன்னர்தான் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தது. நடந்தவர்களில் நானும் ஒருத்தி. அன்று கொட்டிலுக்குள் அண்ணா சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, சில்லைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டுக்கொண்டிருந்தார். முரளியின் பெயர் வந்தபோது அவர் துள்ளினார். அப்பா, "உதை நிப்பாட்டு," என்றார். இரண்டு பேரும் சரியாகத்தான் இருந்தார்கள் என்று இன்று நினைக்கிறேன். குண்டு போட்டவர்களின் கொடிக்கு எப்படிக் கைதட்டுவது என்றது அப்பாவின் பக்கம். பந்தைப் போடுகிறது எங்கட பெடியன் என்றது அண்ணாவின் பக்கம்.

புலம்பெயர்ந்தவர்கள் தமிழீழ அணி என்று ஓர் உதைபந்தாட்ட அணியையே அமைத்தார்கள். நாடு அங்கீகரிக்கப்படாத சனங்களுக்காகக் கொனிஃபா அமைப்பு நடத்தும் உலகக் கிண்ணத்தில், 2014இல் சுவீடனிலும் 2018இல் லண்டனிலும் அது ஆடியது. அதை விளையாட்டுப் பிள்ளைத்தனம் என்று சொல்ல என்னால் முடியாது. 1936இல் பிலிப்பைன்ஸும் நாடில்லாத அணிதான்.

ஆனால் என் கை தானாகத் தட்டியது வேறொருத்திக்கு. தர்ஜினி சிவலிங்கம், யாழ்ப்பாணம் புன்னாலைக்கட்டுவன். வலைப்பந்தாட்டம் என்பது கூடைப்பந்தின் பிள்ளை, இங்கிலாந்தில் பெண்களுக்காக மாற்றிய விளையாட்டு. நெய்ஸ்மித்தின் கூடை எங்கள் பெண்பிள்ளைகளின் பள்ளிக்கூடங்களுக்கு அந்த வடிவத்தில்தான் வந்து நிலைத்தது. 2009இலும் 2018இலும் இலங்கை ஆசியச் சாம்பியனானபோது வலைக்குக் கீழே நின்றவர் தர்ஜினி. 2019இல் லிவர்பூலில் நடந்த உலகக் கிண்ணத்தில் இலங்கைக்குக் கிடைத்தது 15ஆம் இடம். ஆனால் முழுப் போட்டியிலும் அதிக கோல் போட்டவர் அவர். சிங்கக்கொடி பொறித்த சட்டையோடுதான் போட்டார். அந்தச் சட்டை எனக்குக் குத்துகிறது, மறைக்கவில்லை. குத்தினாலும் தட்டுவேன். அந்தப் பந்தை வலைக்குள் விடப் புன்னாலைக்கட்டுவனில் ஒரு பிள்ளை பட்ட பாட்டைச் சட்டைக்குக் கொடுத்துவிட எனக்கு மனமில்லை. உங்களில் பலர் இதை ஏற்கமாட்டீர்கள், பின்னால் கேள்வி நேரம் இருக்கிறது.

ஆத்தேயிடம் ஒருநாள் தர்ஜினியின் படத்தைக் காட்டினேன். பிலிப்பைன்ஸில், நல்ல ஆட்டக்காரர் வெளிநாட்டுக்காரராக இருந்தால் நாடாளுமன்றமே தனிச்சட்டம் போட்டுக் குடியுரிமை கொடுத்துவிடும். 2023இல் ஆசியத் தங்கத்துக்கு ஆடிய அமெரிக்கர் ஜஸ்டின் பிரவுன்லிக்கு அப்படித்தான் கொடுத்தார்கள். என், எஃப், பி, சி என்று எழுத்தெழுத்தாக வதிவிட அட்டை மாற்றி வருடங்களைத் தின்ற எங்களுக்கு இது நம்பமுடியாத கதை. ஆத்தே படத்தைப் பெருப்பித்துப் பார்த்தார். பக்கத்தில் நின்ற பிள்ளைகள் தர்ஜினியின் தோளுக்குக் கீழே நின்றார்கள்.

"எத்தனை அடி?"

"ஆறடி பத்து அங்குலம்."

"உங்களுக்கு வேண்டாமென்றால் எங்களுக்குத் தாருங்கள்," என்றார்.