தாயின் கழுத்தும் பிள்ளையின் அறிவும்

சமையற்கட்டில் மிகவும் மலிவான பொருள் எதுவென்று கேட்டால், உப்பு என்றுதான் நாம் எல்லோரும் சொல்வோம். அந்த உப்போடு அயோடின் என்னும் சத்து வந்து சேர்ந்த வரலாற்றை இன்று பார்ப்போம். கழுத்தில் கழலை உள்ளவர்களை நம்மில் பலர் பார்த்திருக்கின்றோம். அந்தக் கழலைக்கும், கருவுற்ற தாய்க்கும், அவள் வயிற்றில் வளரும் பிள்ளையின் அறிவுக்கும் உள்ள தொடர்பு மருத்துவ உலகுக்கே தெளிவாக விளங்க, அயோடினைக் கண்டுபிடித்து நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

1811ஆம் ஆண்டு. நெப்போலியனின் போர்கள் நடந்த காலம். பிரான்சு நாட்டில் பெர்னார் கூர்த்துவா என்பவர் வெடிமருந்துக்கு வேண்டிய வெடியுப்பைச் செய்து வந்தார். அதற்காகக் கடற்பாசியை எரித்த சாம்பலைப் பயன்படுத்தினார். ஒரு நாள் அந்தச் சாம்பற் கரைசலில் அமிலம் சற்று அதிகமாக விழவே, ஊதா நிறத்தில் ஆவி கிளம்பிற்று. அதுதான் அயோடின். ஊதாவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். 1820இல் ஜெனீவா நகர மருத்துவர் குவாந்தே இதைக் கழலை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். கழலை சுருங்கியது. ஆனால் அளவு தெரியாமல் அள்ளிக் குடித்தவர்கள் உடல் மெலிந்து, நெஞ்சு படபடத்துத் துன்பப்பட்டார்கள். நல்ல மருந்துக்குக் கெட்ட பெயர் வந்துவிட்டது. 1895இல் ஜெர்மானிய அறிஞர் பாமன், நம் கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பிக்குள்ளேயே அயோடின் இருக்கின்றது என்று காட்டிய பிறகுதான் உலகம் மறுபடியும் அதைத் திரும்பிப் பார்த்தது.

சுவிட்சர்லாந்து மலைநாடு. மழையும் உருகும் பனியும் மண்ணிலுள்ள அயோடினைக் கழுவிக் கடலுக்குக் கொண்டுபோய்விடும். மண்ணில் இல்லாதது பயிரிலும் இல்லை, பாலிலும் இல்லை. ஆகவே அங்கே ஊருக்கு ஊர் கழலை. அதைவிடக் கொடுமை, காது கேளாமல், வாய் பேசாமல், வளர்ச்சி குன்றி, அறிவு மங்கிப் பிறந்த பிள்ளைகள். குலத்தின் குற்றம் என்றார்கள், தண்ணீரின் குற்றம் என்றார்கள். பெற்றவள் எத்தனை பேச்சுக் கேட்டிருப்பாள் என்பதை நாம் சொல்லத் தேவையில்லை.

1918இல் ஓட்டோ பாயார்ட் என்னும் கிராமத்து வைத்தியர், உப்பில் மிகச் சிறிதளவு அயோடினைக் கலந்து, கோவேறு கழுதையின் முதுகில் ஏற்றி, கிரேகன் என்னும் மலைக் கிராமத்துக் குடும்பங்களுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். சில மாதங்களில் கழலைகள் சுருங்கின. ஒருவருக்கும் தீங்கு நேரவில்லை. 1922இல் ஹான்ஸ் எகன்பெர்கர் என்னும் அறுவை மருத்துவரின் முயற்சியால் அப்பென்செல் அவுசர்ரோடன் மாநிலம் அயோடின் உப்பை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மற்ற மாநிலங்களும் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தன. அதன்பின் அங்கே அத்தகைய பிள்ளைகள் பிறப்பது நின்றே போயிற்று.

இருந்தாலும், பிள்ளைக்கு வந்த குறை தாயின் அயோடின் பற்றாக்குறையால்தான் வந்தது என்பதற்குத் திட்டவட்டமான சான்று வேண்டுமென்று மருத்துவர்கள் கேட்டார்கள். அந்தச் சான்று பப்புவா நியூ கினியிலிருந்து வந்தது.

அங்கே மேட்டுநிலத்தில் ஜிமி பள்ளத்தாக்கு என்று ஓர் இடம். முன்பு அந்த மக்கள் தங்கள் மண்ணிலேயே கிடைத்த உப்பை உண்டு வந்தார்கள். வெளியிலிருந்து கடை உப்பு வந்தது; பழைய உப்பு போயிற்று. பழைய உப்பில் அயோடின் இருந்தது, புது உப்பில் இல்லை, அதனால்தான் ஊனமுற்ற குழந்தைகள் பெருகினார்கள் என்று ஆராய்ந்தவர்கள் கருதினார்கள். 1966இல் பரோவா என்னும் மருத்துவர் வரிசையாக ஒரு குடும்பம் விட்டு ஒரு குடும்பத்துக்கு அயோடின் கலந்த எண்ணெயை ஊசியாகப் போட்டார். மற்றவர்களுக்கு வெறும் உப்புநீர் ஊசி. ஒருமுறை போட்டால் சில ஆண்டுகளுக்கு அந்த எண்ணெய் உடம்பில் நின்று வேலை செய்யும்.

முடிவு 1971இல் வெளிவந்தது. உப்புநீர் பெற்ற தாய்மாருக்குப் பிறந்த 534 பிள்ளைகளில் 26 பேர் ஊனத்தோடு பிறந்திருந்தார்கள். அயோடின் பெற்ற தாய்மாரின் 498 பிள்ளைகளில் 7 பேர். அந்த எழுவரில் அறுவரின் தாய்மார், ஊசி போடும்போதே கருவுற்றிருந்தவர்கள். நேயர்களே, இந்த அறுவரைச் சற்று நினைத்துப் பாருங்கள். மருந்து வந்தது, ஆனால் பிந்தி வந்தது. உப்புநீர் பெற்ற அந்தக் குடும்பங்களை எண்ணும்போது நம் மனம் கலங்கத்தான் செய்கின்றது. அவர்களுடைய பிள்ளைகளைக் கொண்டுதான் உலகம் இந்தப் பாடத்தைக் கற்றது.

ஏன் பிந்தக் கூடாது? கருவிலுள்ள சிசுவின் தைராய்டு சுரப்பி ஏறக்குறைய மூன்று மாதம் வரையில் வேலை செய்வதில்லை. அதுவரை மூளை வளரத் தேவையான தைராய்டு நீர் முழுவதும் தாயிடமிருந்துதான் வரவேண்டும். தாயின் சுரப்பியோ வழக்கத்தைவிட ஒன்றரை மடங்கு உழைக்கின்றது. அவள் சிறுநீரிலும் அயோடின் கூடுதலாகக் கழிகின்றது. அதனால்தான் மற்றப் பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் போதுமென்றால், கருவுற்றவளுக்கு 250 வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். பாலூட்டும் தாய்க்கும் அதே அளவுதான். கேட்பதற்குப் பெரிய எண்ணாகத் தோன்றலாம். எழுபது வயது வரை ஒருவருக்குத் தேவையான அயோடின் முழுவதையும் சேர்த்து நிறுத்தால் நான்கு கிராம்கூட வராது!

இங்கே ஒரு சந்தேகம் எழலாம். ஜப்பான்காரன் காலத்தில் நம் தோட்டத்து மக்கள் மரவள்ளிக்கிழங்கைத் தின்றுதானே உயிர் பிழைத்தார்கள், அந்தக் கிழங்கு கழலையை உண்டாக்கும் என்கிறார்களே என்று. கிழங்கில் உள்ள ஒரு பொருள், உடம்பில் அயோடின் சேர்வதைத் தடுப்பது உண்மைதான். ஆப்பிரிக்காவில் காங்கோ நாட்டு இஜ்வி தீவில் இதைக் கண்டார்கள். ஆனால் அங்கே அயோடினும் மிகக் குறைவு, கிழங்கே அன்றாட உணவு. மீனும் நல்ல உப்பும் சாப்பிடுகிறவர் எப்போதாவது கிழங்கு அவித்துத் தின்பதால் கெடுதல் இல்லை.

மலேசியாவில் சபா, சரவாக் உள்நாட்டு மக்களிடையே கழலை நீண்டகாலமாக இருந்து வந்தது. முதலில் அந்தப் பகுதிகளுக்கு அயோடின் உப்பு கொண்டுவரப்பட்டது. 2020ஆம் ஆண்டு முதல் நாடெங்கும் கடைகளில் பொட்டலமாக விற்கும் தூளுப்பில் அயோடின் சேர்க்கவேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது.

கடல் உப்புதானே, அதில் அயோடின் இருக்காதா என்று கேட்பார்கள். கடல்நீர் காய்ந்து உப்பாகும்போது அதில் மிஞ்சும் அயோடின் மிகமிகக் குறைவு. கடல்மீனிலும் கடற்பாசியிலும் முட்டையிலும்தான் இருக்கின்றது. ஆகவே கல்லுப்பை மட்டுமே நம்பியிருக்கும் வீடுகளில், கருத்தரிக்கும் வயதுப் பெண் இருந்தால், பொட்டலத்தில் அயோடின் என்று எழுதியிருக்கின்றதா என்று பார்த்து வாங்க வேண்டும். உப்பை அதிகம் போடவேண்டுமென்பதில்லை; போடுகிற உப்பு அயோடின் உப்பாக இருந்தால் போதும். அடுப்பு மேடையில் திறந்து வைத்தால் ஈரமும் சூடும் பட்டு அயோடின் குறைந்துவிடும். மூடிய பாத்திரத்தில் வைத்து, குழம்பை இறக்கும் வேளையில் போடுவது நல்லது. ஏற்கெனவே தைராய்டு நோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்கள், கருவுற எண்ணும்போதே ஆஸ்பத்திரியில் சொல்லிவிட வேண்டும்.