நலமா என்று யாரிடம் கேட்பது?

டிஸ்க்குகள் ஆயிரக்கணக்கில் ஓடும் இடத்தில் ஏதாவது ஒன்று எப்போதும் படுத்தே கிடக்கும். சான்டா குரூஸ் கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வு மாணவர் சேஜ் வெயிலும் சகாக்களும் 2006இல் 'செஃப்' சேமிப்பு அமைப்பை அறிமுகம் செய்தபோது, பழுதை அன்றாட நிகழ்வாகவே எடுத்துக்கொண்டார்கள்.

கண்காணிப்பு சர்வர் ஒவ்வொரு டிஸ்க்கிடமும் போய் விசாரித்துக்கொண்டிருந்தால் அதற்கே பொழுது போதாது. அதனால் அந்த வேலை அக்கம்பக்கத்தாரிடம் போனது. டிஸ்க்கைப் பார்த்துக்கொள்ளும் நிரல் ஒவ்வொன்றும் தன் கூட்டாளிகளுக்குச் சில நொடிக்கு ஒருமுறை குரல் கொடுக்கும். 20 நொடி பதில் இல்லையென்றால் மேலே சேதி போகும். ஒருவர் சொன்னால் போதாது, இருவராவது சொல்ல வேண்டும். அதன்பின் 10 நிமிடம் பொறுத்திருந்து, இழந்த நகல்களை வேறிடத்தில் உருவாக்கத் தொடங்கும். இன்றைய இயல்பு அமைப்பு இதுதான்.

செஃப் என்பது தலைக்காலி உயிரினங்களின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்தது. 2012இல் வந்த ஆர்கனாட் முதல் வெளியீடுகளுக்கும் அந்தக் குடும்பப் பெயர்களே. 2013இல் வந்த கட்டில்ஃபிஷ் நம் மீன் சந்தைக் கணவாய்தான்.

சிக்கல் வந்தது, மனிதர் கையால் நிறுவுவதை விட்டு ஆன்சிபிள் போன்ற கருவிகளிடம் ஒப்படைத்தபோது. புதுப் பதிப்பை ஏற்ற ஒவ்வொரு சர்வராக நிறுத்தி எழுப்ப வேண்டும். நிறுத்திய டிஸ்க்கைச் செத்ததாக எண்ணித் தரவை இடம் மாற்றிவிடாமலிருக்க 'நோஅவுட்' என்ற கொடியை முதலில் ஏற்றுவார்கள். அந்தக் கொடி ஏறியிருக்கும்வரை செஃப் தன் நிலையை 'ஹெல்த் வார்ன்' என்றுதான் காட்டும்! 'ஹெல்த் ஓகே' வரட்டும் என்று காத்திருக்கும் ஸ்கிரிப்ட், தானே போட்ட பூட்டுக்கு முன்னால் விடிய விடிய உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். கண்காணிப்பு சர்வர்களின் கடிகாரம் 0.05 நொடிக்கு மேல் பிசகினாலும் எச்சரிக்கைதான்.

செஃப்பை நிறுவ ஆன்சிபிளில் எழுதிய ஸ்கிரிப்ட் தொகுப்பான செஃப்-ஆன்சிபிள் கேள்வியையே மாற்றிக்கொண்டது. மொத்த நலத்தை விட்டுவிட்டு, தரவுத் தொகுப்புகள் எத்தனை, அவற்றில் 'ஆக்டிவ்+க்ளீன்' நிலையில் எத்தனை என்று எண்ணிப் பார்த்தது. இரண்டு எண்ணும் ஒத்துப்போனால் அடுத்த சர்வருக்கு நகரலாம். ஒத்துப்போகாவிட்டால் 30 நொடி விட்டு மறுபடி. இப்படி 40 முறை. 20 நிமிடம் தாண்டினால் கைவிரிக்கும்.

அப்போதும் எச்சரிக்கைகள் வெறும் ஆங்கில வாக்கியங்கள்தாம். அவற்றை நம்பி எழுதிய ஸ்கிரிப்ட், வாக்கியத்தில் ஒரு சொல் மாறினால் தடுமாறும். 2017இல் வந்த லுமினஸ் வெளியீடு ஒவ்வொரு கோளாறுக்கும் மாறாத குறியீட்டுப் பெயர் சூட்டியது. கேட்க எளிய மாற்றம். நிர்வாகிகளுக்கு அதுவே பெரிய நிம்மதி.

2020இல் வந்த ஆக்டோபஸ், தெரிந்த எச்சரிக்கையின் வாயைக் கொஞ்ச நேரம் கட்டிவைக்கவும் வழி தந்தது. டிஸ்க் ஒன்று விழுந்தது தெரியும், ஒரு மணி நேரம் சும்மா இரு என்று சொல்லலாம். அதற்குள் இரண்டாவது டிஸ்க்கும் விழுந்தால், கட்டை அவிழ்த்துக்கொண்டு அது மறுபடி கத்தத் தொடங்கும்.