மின்மினிப் படத்தில் விழாதவை

ஃபோனில் மின்மினியைப் படமெடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒன்றுமே விழாது. மரம் முழுக்க மினுங்கும், திரையில் கறுப்பு மட்டும் இருக்கும். அப்போ காடு முழுக்கப் பச்சை ஒளி கொட்டிக் கிடக்கிற அந்தப் படங்களை எப்படித்தான் எடுக்கிறார்கள்? இந்தக் கேள்வியோடு தேடப்போனால் கதை 1896க்குப் போகிறது.

அதற்கு முந்தைய வருடக் கடைசியில்தான் ரொண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்திருந்தார். உலகமே கதிர்ப் பைத்தியமாக இருந்த நேரம். கியோட்டோவில் முரவோக்கா என்ற இயற்பியலாளர் சுமார் 300 மின்மினிகளைப் பிடித்து, ஒளி புகாமல் மூடிய புகைப்படத் தகடுகளுக்கு மேலே வைத்தார். தகட்டில் தடம் விழுந்தது. மின்மினி ஒளியிலும் ஊடுருவும் கதிர் இருக்கிறது என்று ஜெர்மன் ஆய்விதழில் எழுதினார். 1898இல் அவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை வேறு கதை சொன்னது: தகட்டைக் கெடுத்தது பொருட்களிலிருந்து எழும் ஆவி. அந்தத் தகட்டில் விழுந்தது மின்மினியை விட அந்தக் காலத்தின் ஆசைதான் என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

அதே காலத்தில் இலங்கையில் மின்மினிக்கு வேறு வேலை வந்தது. 1900ஆம் ஆண்டளவில் வட்டவளையில் ஒரு தோட்டத்துரை ஆபிரிக்க ராட்சத நத்தையைக் கொண்டுவந்து விட்டார். அது பெருகி மரக்கறித் தோட்டங்களைத் தின்னத் தொடங்கியது. அந்த நத்தையைத் தின்பது யார் என்று பார்த்தால், நம்மூர் மின்மினியின் புழு! லம்ப்ரிஜெரா டெனெப்ரோசா என்பது அதன் இன்றைய பெயர். அரச பூச்சியியலாளர் ஈ. ஈ. கிரீன் 1912இல் இலங்கையின் ஒளிரும் வண்டுகள் பற்றி எழுதினார். 1924இல் ஹட்சனும் ஒஸ்டினும் இதன் வாழ்க்கை வரலாற்றை விவசாயத் திணைக்களத்துக்காகப் பதிந்தார்கள். பிறகு நத்தைத் தொல்லை இருந்த பசிபிக் தீவுகளுக்கும் இதைக் கொண்டுபோனார்கள். வியப்பெல்லாம் போய், சம்பளமில்லாத கூலியாள் ஆகிவிட்டது பாவம்.

இந்த இனத்தில் பெண்ணுக்குச் சிறகு இல்லை. பார்க்கப் புழு மாதிரியே இருக்கும், நிலத்தில் கிடந்து ஒளிரும். வஹகோட்டையில் நாங்கள் டோர்ச்சை அணைத்துவிட்டு நின்றபோது மரத்தில் மினுங்கியவற்றைத்தான் எல்லாரும் காட்டினார்கள். காலடியில், சருகுக்குள், விட்டுவிட்டு மினுங்காமல் ஒரே சீராக எரிந்த ஒரு பச்சைப் புள்ளியைக் காட்ட யாரும் இல்லை. ஊரின் கதையும் கொஞ்சம் அப்படித்தான். வஹகோட்டை என்றதும் அந்தோனியார் திருத்தலம், போர்த்துக்கேயப் பரம்பரை என்று இரண்டு வெளிச்சம்தான் வெளியாருக்குத் தெரியும். அந்தப் போர்த்துக்கேயரைக் கட்டிய இந்த ஊர்ப் பெண்கள் யார், அவர்கள் பெயர் என்ன என்று கேட்பவர்கள் குறைவு.

இனி அந்தப் பச்சைப் படங்களுக்கு வருவோம். தமிழ்நாட்டு ஆனைமலைப் புலிகள் காப்பகத்தில் ஸ்ரீராம் முரளி எடுத்த படம் 2023இல் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் காட்டுயிர்ப் புகைப்படப் போட்டியில் பரிசு வென்றது. ஒவ்வொன்றும் 19 விநாடி திறந்துவைத்து எடுத்த 50 படங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியது அது. மொத்தம் சுமார் 16 நிமிடம். அந்தக் காட்சியை அங்கே நின்ற யாரும் ஒரே பார்வையில் கண்டிருக்க முடியாது.

பொய்யா? எங்களுக்கு அப்படிப் படவில்லை. அதிலுள்ள ஒவ்வொரு புள்ளியும் உண்மையாக எரிந்ததுதான். ஆனால் ஆனைமலை மின்மினிகளின் அதிசயமே அவை ஒத்திசைந்து மினுங்குவது: ஒரு மரம் எரிய அடுத்த மரம் தொடரும், பிறகு காடே இருளும். அடுக்கிய படத்தில் அந்த இருள் நிற்காது. தாளத்தைப் பார்க்க வீடியோதான் வேண்டும், அதையும் முரளி எடுத்திருக்கிறார்.

படத்தைப் பார்த்துவிட்டுக் காட்டுக்குப் போகிறவர்களுக்கு ஒன்று: டோர்ச் வெளிச்சத்தில் அவை ஒன்றின் சைகையை ஒன்று தவறவிடும். சிறகு முளைத்த மின்மினி சில வாரம்தான் வாழும். அதற்கு முந்தைய மாதங்களெல்லாம் புழுவாக, நாங்கள் ட்ரைபொட் ஊன்றுகிற அதே மண்ணில்தான் கழிகின்றன.