கொம்பனித்தெருவை 'சேரி' எண்டு சொன்னது யார்?

கொழும்பு 2ஐ நாங்கள் கொம்பனித்தெரு எண்டு சொல்லுறம். ஆங்கிலத்தில் அதன் பெயர் நீண்ட காலம் 'ஸ்லேவ் ஐலண்ட்', அதாவது அடிமைத்தீவு எண்டு இருந்தது. ஒல்லாந்தர் தங்களுடைய அடிமைகளை பேர வாவி சூழ்ந்த இந்த நிலத்தில் அடைத்து வைத்த காலத்துப் பெயர் அது. 1844இல் இலங்கையில் அடிமைமுறை ஒழிந்தது. பெயர் மட்டும் நிண்டு போச்சு.

பிறகு பிரித்தானியரின் மலாய்ப் படையினர் இங்கே குடியேறினார்கள். ரைபிள் வீதி, மலே வீதி, ஜாவா லேன் எல்லாம் அவர்களுடைய தடங்கள்தான். 1873இல் அந்தப் படையணி கலைக்கப்பட்டது, குடும்பங்கள் போகவில்லை. மலாயர், சோனகர், தமிழர், சிங்களவர் எண்டு எல்லாரும் ஒரே முடுக்குக்குள்ள வாழ்ந்த இடம் இது.

இந்த மாதிரி இடங்களை என்ன செய்வது? இந்தக் கேள்விக்கு நூறு வயது தாண்டிவிட்டது. 1921இல் கொழும்புக்குத் திட்டம் வரைய வந்த பற்றிக் கெடிஸ், அதுக்கு முதல் சென்னை மாகாணத்து ஊர்களைச் சுற்றிப் பார்த்தவர். நெருக்கமான தெருக்களை மொத்தமாக இடிக்காதே, மிக மோசமான சில வீடுகளை மட்டும் எடுத்து மற்றதைத் திருத்து எண்டதுதான் அவருடைய வழி. அவர் பெயரைச் சொல்லி 'பூங்கா நகரம்' பற்றிக் கதைக்கிறவர்கள் இதைச் சொல்லுறது குறைவு.

நாங்களும் ஒரு காலம் அந்த வழியில போனம். 1973ஆம் ஆண்டு வீட்டு ஆதன உச்சவரம்புச் சட்டம், தோட்ட வீடுகளில் வாடகைக்கு இருந்த பலரைச் சொந்தக்காரர் ஆக்கியது. 1984இல் தொடங்கிய பத்து இலட்சம் வீட்டுத் திட்டத்தில், சனம் இருந்த இடத்திலேயே சிறுகடன், தண்ணீர், மலசலகூடம் கிடைத்தது. பாதை எவ்வளவு அகலம் எண்டதைக்கூட குடியிருப்பாளர் அதிகாரிகளோடு இருந்து பேசி முடிவு செய்தார்கள். குறைகள் இருந்தன. ஆனால் முடிவெடுக்கும் மேசையில் அவர்களுக்கும் ஒரு கதிரை இருந்தது.

2010இல் நகர அபிவிருத்தி அதிகாரசபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் வந்தது. அதே ஆண்டு மே மாதம் கொம்பனித்தெருவின் மியூஸ் வீதியில் வீடுகள் இடிக்கப்பட்டன. கொழும்பில் சுமார் 70,000 குடும்பங்கள் 'வசதி குறைந்த குடியிருப்புகளில்' இருப்பதாக அரசு கணக்குச் சொன்னது. கணக்கு இலகுவானது: சனத்தை மாடிக்கு ஏற்று, விடுபட்ட காணியை முதலீட்டாளருக்குக் கொடு, அந்தக் காசில் இன்னும் மாடி கட்டு. வனாத்தமுல்ல, தெமட்டகொட பக்கம் எழுந்த தொடர்மாடிகளில் ஒரு வீடு சுமார் 400 சதுர அடி.

கொம்பனித்தெருவில் இந்தக் கணக்கு இடறின இடம் ஒண்டு இருக்கு. இங்கே பலரிடம் உறுதி இருந்தது, ஆதனவரி கட்டின பற்றுச்சீட்டு இருந்தது. சிலர் தாங்களே இரண்டு மூண்டு மாடி எழுப்பி, கீழே கடையும் வைத்திருந்தார்கள். பொதுத்தேவைக்கெண்டு தனியார் நிலத்தை எடுக்க அரசுக்கு 1950ஆம் ஆண்டின் காணி எடுத்தற் சட்டம் இருக்கு. ஆனால் ஒரு தனியார் கோபுரம் யாருடைய பொதுத்தேவை? ஜாவா லேன் பக்கத்துக் காணி இந்தியாவின் டாடா ஹவுசிங் நிறுவனத்தின் திட்டத்துக்குப் போனது. வாடகைப் பணத்தோடு வெளியேறின குடும்பங்கள் புது மாடிக்குத் திரும்ப வருசக்கணக்கில் காத்திருந்தன. 19ஆம் நூற்றாண்டின் டி சொய்சா கட்டடமும் இப்ப இல்லை.

ஒண்டை மறைக்கக் கூடாது. பொது மலசலகூடத்துக்கு வரிசையில் நிண்டவருக்கு சொந்தக் குளியலறை பெரிய விசயம். புது வீடு வேண்டாம் எண்டு எல்லாரும் சொல்லவில்லை. மாடிக்குப் போனால் கீழே வைத்திருந்த கடைக்கு என்ன நடக்கும், பராமரிப்புக் கட்டணத்தை யார் கட்டுறது, உறுதி எப்ப கையில் வரும் எண்டுதான் கேட்டார்கள். வரைபடம் முடிந்த பிறகு கேட்டால் இதெல்லாம் வெறும் முறைப்பாடு. வரைய முதல் கேட்டிருந்தால் இவைதான் திட்டம்.

'சேரி' எண்ட சொல் செய்கிற வேலை இதுதான். அந்த ஒரு சொல்லால் உறுதி வைத்திருக்கிறவரும் அத்துமீறிக் குடியிருப்பவர் ஆகிவிடுவார். அடுத்த முறை உங்கள் ஊரில் அபிவிருத்திப் பலகை நடப்படும்போது, கட்டடத்தின் படத்தைப் பார்க்க முதல் ஒண்டைக் கேளுங்கள்: அந்தக் காணியில் இருந்தவர்களை எந்தச் சொல்லால் எழுதியிருக்கிறார்கள்?