வாஷிங்டன் என்னும் பெயர்

பல ஆண்டுகளுக்கு முன் அமெரிக்க விடுதலைப் போரைப் பற்றி வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, வாஷிங்டன் என்பது ஊர்ப் பெயரா, ஆள் பெயரா?" என்று வினவினான். "ஆள் பெயர்தான், அவர் பெயரையே நகருக்குச் சூட்டினார்கள்" என்று கூறி அவனை அமரச் செய்தேன். அவ்விடையில் பிழையில்லை. ஆயினும் அது பாதி விடையே என்பதைப் பின்னரே அறிந்தேன். அம்மாணவனுக்கு நான் சொல்லாது விட்ட மறுபாதியை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

இங்கிலாந்தின் வடகிழக்கில், டர்ஹம் நகருக்கு வடக்கே வாஷிங்டன் என்றோர் ஊர் இருக்கிறது. அமெரிக்கத் தலைநகருக்கு அது பல நூற்றாண்டுகள் மூத்தது. பழைய ஆங்கில மொழியில் 'டூன்' என்ற சொல் முதலில் வேலியைக் குறித்தது. பின்னர் வேலியிட்ட நிலத்தையும், அதிலமைந்த பண்ணையையும், முடிவில் ஊரையும் குறிக்கலாயிற்று. ஜெர்மானியர் இன்றும் வேலியை 'ட்ஸௌன்' என்றே வழங்குகின்றனர். இரண்டும் ஒரு வேரில் பிறந்த சொற்கள். நம் மொழியில் ஆடுமாடு அடைக்கும் இடத்தைக் குறிக்கும் 'பட்டி' என்னும் சொல் சிற்றூருக்கும் பெயரானதை இங்கு நினைத்துக்கொள்ளலாம். வஸ்ஸா என்பவனைச் சார்ந்த பண்ணை என்பதே வாஷிங்டன் என்பதன் பொருள் என்று ஊர்ப்பெயர் ஆய்வாளர் கூறுவர். அந்த வஸ்ஸாவைப் பற்றி அப்பெயரைத் தவிர வேறெதுவும் எஞ்சவில்லை. அறிவியலில் நீங்கள் படிக்கும் நியூட்டன் பெயரிலும் இந்த 'டூன்' ஒளிந்திருக்கிறது. அதன் பொருள் புதூர் என்பதே.

ஊர்ப் பெயர் குடும்பப் பெயராகிய கதை 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. டர்ஹம் ஆயரின் நிலங்களைப் பற்றி 1183ஆம் ஆண்டில் எழுதப்பெற்ற போல்டன் ஏடு என்னும் கணக்கு ஒன்று உண்டு. ஹெர்ட்பர்ன் என்ற ஊரினரான வில்லியம் என்பவர், அவ்வூரைக் கொடுத்து அதற்கு மாற்றாக வாஷிங்டனைப் பெற்றார் என்ற செய்தி அதில் காணப்படுகிறது. அதுகாறும் 'ஹெர்ட்பர்ன் வில்லியம்' எனப்பட்டவர், நிலம் மாறியதும் பெயரும் மாறி 'வாஷிங்டன் வில்லியம்' ஆனார். அக்காலத்தில் அப்பெயர் மனிதனின் உடைமையன்று. அவன் ஆண்ட நிலத்தின் முகவரி. அந்த நிலமாற்றம் நிகழாதிருந்தால் அமெரிக்கத் தலைநகர் இன்று ஹெர்ட்பர்ன் என்று வழங்கப்பட்டிருக்கும் போலும்!

பின் வந்த தலைமுறைகளில் ஊரை விட்டுச் சென்றவர்களிடமும் பெயர் ஒட்டிக்கொண்டது. அக்குடும்பத்தின் ஒரு கிளை லங்காஷயருக்குச் சென்றது. அக்கிளையில் வந்த லாரன்ஸ் வாஷிங்டன் என்ற கம்பளி வணிகர் 1539இல் நார்தாம்ப்டன்ஷயரில் சல்கிரேவ் என்ற நிலத்தை விலைக்கு வாங்கினார். அவர் வழியினரான ஜான் வாஷிங்டன் 17ஆம் நூற்றாண்டின் நடுவில் கடல் கடந்து வர்ஜீனியாவில் குடியேறினார். ஜார்ஜ் வாஷிங்டனுக்கு அவர் கொள்ளுப்பாட்டனார். இக்குடும்பத்தின் கேடயச் சின்னம், வெண்ணிறத்தில் இரண்டு சிவப்புப் பட்டைகளும் மூன்று சிவப்பு விண்மீன்களும் கொண்டது. 1938 முதல் அமெரிக்கத் தலைநகரின் கொடியில் இருப்பது அதுவே.

புதிய தலைநகருக்கு 1791இல் ஜார்ஜ் வாஷிங்டன் பெயர் சூட்டப்பெற்றது. 1853இல் மேற்குக் கரையில் ஒரு நிலப்பகுதியைத் தனியே பிரித்தபோது, அதற்குக் கொலம்பியா என்று பெயர் வைக்கக் கருதினர். தலைநகர் இருக்கும் கொலம்பியா மாவட்டத்தோடு அது குழம்பிவிடும் என்று அஞ்சி, வாஷிங்டன் என்று வைத்தனர்! 1889இல் அது மாநிலமாயிற்று. நிலநூல் வகுப்பில் இன்றும் மாணவர்கள் திண்டாடுவதற்கு இதுவே காரணம்.

ஜார்ஜ் வாஷிங்டனுக்கு மக்கட்பேறு இல்லை. ஆயினும் அமெரிக்காவில் அப்பெயர் பெருகிற்று. அவர் மறைந்த 1799இல், மவுண்ட் வெர்னான் என்னும் அவருடைய பண்ணையில் 317 அடிமைகள் இருந்தனர். அவர்களுள் 123 பேர் அவருடைய சொந்த உடைமை. இவர்களை விடுவிக்க வேண்டுமென அவர் உயில் எழுதினார். அடிமைகளைப் பண்ணைக் கணக்கில் தனிப்பெயரால் மட்டுமே குறிப்பது வழக்கம். அடிமை முறை 1865இல் ஒழிந்தபோது, விடுதலை பெற்றோர் பலர் தமக்கெனக் குடும்பப் பெயர்களைத் தேர்ந்துகொண்டனர். அவற்றுள் ஒன்று வாஷிங்டன். அப்பெயர் தாங்கியோர் அனைவரும் மவுண்ட் வெர்னான் அடிமைகளின் வழியினர் என எண்ணிவிடக் கூடாது. அப்பண்ணையோடு எவ்விதத் தொடர்பும் இல்லாதோரும் அதனை எடுத்துக்கொண்டனர். 2000ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் அந்நாட்டில் ஏறத்தாழ 1,63,000 பேர் வாஷிங்டன் என்ற குடும்பப் பெயருடையோர்; நூற்றுக்குத் தொண்ணூற்றுவர் கறுப்பின மக்கள்.

அவர்களுள் ஒருவரின் கதையை மட்டும் சொல்கிறேன். நெடுங்காலம் வருகைப் பதிவேட்டைக் கையில் வைத்திருந்தவனாகையால், அதைப் படித்த அன்று என் மனம் கலங்கிற்று. 1856இல் வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்த ஒரு சிறுவனைப் 'புக்கர்' என்று மட்டுமே அழைத்தனர். விடுதலைக்குப் பின் அவன் முதன்முறையாகப் பள்ளியில் சேர்ந்தான். ஆசிரியர் பெயர்களைப் பதியும்போது, மற்றப் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் இரண்டு பெயரேனும் இருக்கக் கேட்டான், தனக்கோ ஒன்றுதான். தன் முறை வந்தபோது, வாழ்நாளெல்லாம் அப்படியே அழைக்கப்பட்டவன்போல், 'புக்கர் வாஷிங்டன்' என்று அமைதியாகச் சொல்லிவிட்டான். அவனுடைய மாற்றாந்தந்தையின் இயற்பெயர் வாஷிங்டன்.

1881இல் தொடங்கப்பெற்ற டஸ்கீகி கல்விக்கூடத்தின் முதல் தலைவராக விளங்கிய புக்கர் டி. வாஷிங்டனே அச்சிறுவன். தாம் பிறந்தபோது தாய் தமக்கு 'புக்கர் டாலியஃபெரோ' என்று பெயரிட்டிருந்ததைப் பிற்காலத்தில் அறிந்தார். தாய் தந்ததை நடுவில் வைத்துக்கொண்டார். பள்ளியில் தாமே சொன்ன பெயரை மாற்றவில்லை.