பெயரா, பிறவிச் சீட்டா?

அக்காளுக்குப் பெண் குழந்தை பிறந்து இருபது நாட்களாகின்றன. தொட்டிலிலே கிடக்கும் சிட்டுக்கு இன்னும் பெயரில்லை. ஆச்சி, “இசக்கியம்மாள்” என்கிறார்; அது அவரைப் பெற்ற தாயின் பெயர். அத்தான் வீட்டாரோ, சோதிடரைக் கண்டு, நட்சத்திரம் பார்த்து, ‘ஹ’ என்னும் எழுத்திலே தொடங்க வேண்டுமெனச் சீட்டு வாங்கி வந்திருக்கின்றனர். தமிழ் நெடுங்கணக்கிலே இல்லாத எழுத்தைத் தேடியா தாமிரபரணிக் கரையிலே பிறந்தாள் இவள்? நான் சும்மாயிருப்பேனா? புறநானூற்றைப் புரட்டிப் பட்டியலொன்று எழுதிவிட்டேன். மூன்று கட்சிகள் மோதுகின்றன. நடுவிலே, கைகால் உதைத்துக்கொண்டு, எக்கட்சியும் சாராத குழந்தை!

பெயர்தானே, எதை வைத்தால் என்ன என்று கேட்கும் தோழர்களுண்டு. மனு அப்படிக் கேட்கவில்லை. மனுநூல் இரண்டாம் அத்தியாயம், 31-ஆம் சுலோகம் வகுப்பதைக் காணுங்கள்: பார்ப்பனன் பெயரிலே மங்கலம் இருக்க வேண்டும், அரசகுலத்தான் பெயரிலே வலிமை, வணிகன் பெயரிலே செல்வம். சூத்திரன் பெயரிலே? இழிவு! பச்சிளங் குழவி கண் விழித்துப் பார்க்குமுன்னரே அதன் நெற்றியிலே ஒட்டப்பட்ட சீட்டு அது.

ஊர்களுக்கும் இந்தச் சீட்டு ஒட்டப்பட்டது. பொருநை பாயும் நஞ்செய்ப் பரப்பிலே, சேரன்மாதேவிக்குச் சோழர் ஆட்சியிலே வழங்கிய பெயர் நிகரிலிசோழச் சதுர்வேதிமங்கலம். அதே சேரன்மாதேவியிலே, 1920-களில், வ.வே.சு. ஐயர் நடத்திய பள்ளிக்குத் தமிழ்க் குருகுலம் என்று பெயர்; பெயரிலே தமிழ், பந்தியிலே பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனியிடம்! பெரியார் மூட்டிய கிளர்ச்சி நாடறிந்தது; இங்கு விரிக்கவில்லை.

வயலிலே உழைத்தவருக்கு வாய்த்த பெயர்கள் யாவை? குப்பை, பிச்சை, தவிடு. இவையெல்லாம் மேலோர் ஆணைக்கு அஞ்சி இட்டவை என்று சொல்லிவிட இயலாது. முன் பிறந்த பிள்ளைகள் ஒன்றன்பின் ஒன்றாக மாண்டுபோக, அடுத்ததையேனும் காலன் விட்டுவைக்கட்டுமென்று, குழந்தையைக் குப்பைமேட்டிலே கிடத்தி எடுத்தனர். அண்டை வீட்டாரிடம் தவிட்டுக்கு விற்று, மீண்டும் வாங்கினர். விலையற்ற பொருளை எமன் விரும்பமாட்டானாம்! மூடநம்பிக்கைதான். ஆயினும், அம்மைத் தடுப்பும் மகப்பேற்று மருத்துவமும் எட்டாத குடிசையிலே, மூன்று பிள்ளைகளைப் புதைத்துவிட்டு நான்காவதை ஏந்தி நின்ற தாயைப் பார்த்து நகைக்க எனக்கு வாய் வரவில்லை. அப்பெயர்கள் அருகியதற்கு நம் சொற்பொழிவுகளைவிட மருத்துவமனைகளே பெரிதும் காரணம்.

புதுப்பெயர் சூட்டினால் பழைய சீட்டு கிழிந்துவிடுமா? பாளையங்கோட்டைக்கு வாருங்கள். மராட்டியப் பார்ப்பனக் குலத்திலே பிறந்த விதவை ஒருவருக்கு, சுவார்ட்சு பாதிரியார் 1778-ல் திருமுழுக்களித்துக் கிளாரிந்தா எனப் பெயரிட்டார். 1780-ல் எழுதப்பட்ட சபைப் பட்டியலிலே நாற்பது பேர். தலைப்பிலே நின்ற பெயர் அவருடையது. 1785-ல் அவர் முயற்சியால் எழுந்த கோயில் இன்றும் இருக்கிறது. ஊரார் அதை எப்படி அழைக்கின்றனர்? பாப்பாத்தியம்மாள் கோயில்! சமயம் மாறிற்று, பெயர் மாறிற்று, இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் உருண்டோடின. ஊர் வாயிலே நிலைத்தது சாதி.

1929 பிப்ரவரியில் செங்கற்பட்டிலே கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெயரோடு ஒட்டிய சாதிப் பட்டங்களை அறுத்தெறியச் சொன்னது. அறுத்தனர். வடமொழிப் பெயரைக் களைந்தவரும் உண்டு: வேதாசலம் மறைமலையானார், நாராயணசாமி நெடுஞ்செழியனானார், இராமையா அன்பழகனானார். இன்று என் வகுப்பு வருகைப் பதிவேட்டிலே நாற்பத்திரண்டு பெயர்கள். ஒன்றிலும் வால் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்து, ஒரு புள்ளி, பிறகு பிள்ளையின் பெயர். நாள்தோறும் அதைப் படிக்கும்போது, அந்தச் சிறு புள்ளிக்காக எத்துணைப் பேர் ஏச்சும் பேச்சும் கேட்டனர் என்று எண்ணுவேன்.

ஆனால் பெயரிலே அறுந்த வால் மணிக்கட்டிலே முளைத்துவிட்டது! நெல்லைச் சீமைப் பள்ளிகளிலே பிள்ளைகள் சாதிக்கொரு நிறமாகக் கயிறு கட்டிவந்தனர். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியிலே, ஒடுக்கப்பட்ட குலத்து மாணவனையும், தடுக்க வந்த தங்கையையும், உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினர். அதன்பின் அரசு அமைத்த நீதிநாயகம் சந்துரு குழு, 2024 சூனில் அளித்த அறிக்கையிலே, கயிற்றை விலக்கவும், பள்ளிகளின் பெயரிலுள்ள சாதிச் சொற்களை நீக்கவும் பரிந்துரைத்தது. பிள்ளையின் பெயரிலே இல்லாத வால், படிக்கும் பள்ளியின் பெயரிலே ஆடிக்கொண்டிருந்தது!

பெயரிடுதல் எத்துணைப் பெருஞ்செயலாகவும் கூடும் என்பதற்கு எங்கள் சீமையிலேயே சான்றுண்டு. சிறை சென்றதால் பறிபோன வழக்கறிஞர் உரிமையை மீட்டுத் தந்த ஆங்கில நீதிபதி வாலேசின் நினைவாக, வ.உ. சிதம்பரனார் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். வெள்ளையர் ஆட்சியை எதிர்த்துக் கப்பலோட்டியவர், வெள்ளையர் ஒருவருக்குச் செலுத்திய நன்றி! எந்தச் சோதிடர் சீட்டிலே கிடைக்கும் இந்த எழுத்து?

இக்கதையை வீட்டிலே சொன்னேன். ஆச்சி விடவில்லை. “நானும் நன்றிக்குத்தானல கேக்கேன்? அவ நாத்து நட்டுத்தானே எங்க ஏழு பேரையும் வளத்தா” என்றார். இசக்கி கடவுளாயிற்றே, பகுத்தறிவு பேசுபவன் ஏற்பதா என்று வாயெடுத்தவன், என் பட்டியலைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். முடிமன்னர் பெயருண்டு, புலவர் பெயருண்டு. நாற்று நட்டவள் பெயர் ஒன்றேனும் அதிலே இல்லை.

இத்தனை வாதத்திலும் அக்காளை எவரும் கேட்கவில்லை. பிறப்புப் பதிவேட்டிலே பன்னிரண்டு மாதம்வரை கட்டணமின்றியும், பிறகு கட்டணத்தோடு பதினைந்து ஆண்டுவரையும் பெயர் சேர்க்கலாமெனச் சட்டம் கூறி, “உன் விருப்பம் என்ன?” என்றேன். அக்காள் சிரித்தாள்.

“எனக்குப் பேரு வைக்கையில அம்மையை யாரு கேட்டா? இவளுக்கு நான்தான் வைப்பேன். நாள் கிடக்குல்லா, பொறுங்க.”

ஆச்சியும், அத்தான் வீட்டாரும், நானும் திண்ணையிலே காத்திருக்கிறோம்.